'ஓட மாட்டேன்!'

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில், கறுப்பு ஷூ வாங்க அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டா கடைக்குப் போனவர்கள் நம்மில் நிறைய பேர். அந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ நம்ம ஊர்த் தாத்தா ஒருவர் தொடங்கிய கம்பெனி மாதிரிதான் இருக்கும்! ஆனால் அது பிறந்த இடம் இன்றைய செக் நாட்டில் உள்ள ஸ்லின் என்ற ஊர். தாமஸ் பாட்டா என்பவர் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து 1894-ல் தொடங்கியது.

உலகத்துக்கே ஷூ தைத்துக் கொடுத்த அந்தத் தொழிற்சாலையில், 1941-ல் எமில் ஸாட்டோபெக் என்று ஒரு பையன் வேலை பார்த்தான். வயது 18. நாடு ஹிட்லரின் பிடியில் இருந்த சமயம். ஏழை வீட்டுப் பையன். வேலை உண்டு, தான் உண்டு என்று இருந்தவனுக்கு ஒருநாள் சோதனை வந்தது. கம்பெனி சார்பில் ஊருக்குள் ஓட்டப்பந்தயம். விளையாட்டுப் பொறுப்பாளர் நாலு பையன்களைச் சுட்டிக்காட்டி, "நீங்களெல்லாம் ஓடுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டார். அதில் எமிலும் ஒருவன்.

பையன் நெளிந்தான். உடம்பு பலவீனமாக இருக்கிறது, என்னால் ஓட முடியாது என்று மன்றாடினான். சரி, டாக்டரிடம் போ என்று அனுப்பினார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, 'உனக்கு ஒரு கேடும் இல்லை' என்று கையை விரித்துவிட்டார். வேறு வழி? ஓடினான். ஓட ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி தனக்குள்ளேயும் இருக்கிறது! சுமார் நூறு பேர் ஓடியதில் இரண்டாவதாக வந்தான்.

ஓடவே மாட்டேன் என்றவனை அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. 1944-க்குள் 2,000, 3,000, 5,000 மீட்டர் என்று தேசிய சாதனைகளை உடைத்தார் (இனிமேல் மரியாதை கொடுத்துவிடுவோம்!). போர் முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கம், 5,000 மீட்டரில் வெள்ளி.

அவர் பயிற்சி செய்த விதம் அன்றைக்குப் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. நெடுந்தூரம் ஓட வேண்டுமா, நெடுந்தூரம் மெதுவாக ஓடிப் பழகு என்பதுதான் அப்போது பொதுவான பாடம். ஸாட்டோபெக் கேட்ட கேள்வி எளிமையானது. மெதுவாக ஓடத்தான் ஏற்கெனவே தெரியுமே, அதை எதற்குப் பழக வேண்டும்? எனவே 400 மீட்டர் வேகமாக ஓடுவார். கொஞ்ச தூரம் மெல்லோட்டம். மறுபடி 400 மீட்டர் வேகம். இப்படி ஒரே நாளில் 20 தடவை, பிறகு 40 தடவை! வேக ஓட்டத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்... 16 கிலோமீட்டர். நடுவே ஓடிய மெல்லோட்டம் தனிக் கணக்கு. மழை, பனி எதுவும் பொருட்டில்லை. ராணுவ பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனியில் ஓடினார்.

ஓடும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. தலை ஆடும், நாக்கு வெளியே தள்ளும், யாரோ வயிற்றில் கத்தியைச் செருகிய மாதிரி முகம் கோணும். பத்திரிகைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். 'இதென்ன, அழகுக்கு மார்க் போடுகிற போட்டியா?' என்பதுதான் அவருடைய பதிலாக இருந்தது.

அடுத்து 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். கிளம்பும் முன்பே ஒரு சிக்கல். சக ஓட்டக்காரர் ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த்தின் பெயரை அரசாங்கம் கடைசி நேரத்தில் அடித்துவிட்டது. காரணம், அவருடைய அப்பா அரசியல் கைதி. 'அவன் வராவிட்டால் நானும் வர மாட்டேன்' என்று ஸாட்டோபெக் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். கம்யூனிஸ்ட் ஆட்சியில், அதுவும் ராணுவ அதிகாரி! விளையாட்டா? விமானம் அவர் இல்லாமலே பறந்தது. கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. இருவரும் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

ஜூலை 20, 10,000 மீட்டரில் தங்கம். ஜூலை 24, 5,000 மீட்டரிலும் தங்கம். அன்றைக்கே சற்று நேரத்தில் அவர் மனைவி டானா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். (கணவன், மனைவி இருவரும் பிறந்தது ஒரே நாளில்: 1922, செப்டம்பர் 19!) 'வீட்டில் இப்போது ஸ்கோர் 2-1. இது போதாது, மாரத்தானும் ஓடிப் பார்க்கிறேன்' என்று நிருபர்களிடம் வேடிக்கையாகச் சொன்னார் ஸாட்டோபெக்.

வேடிக்கை இல்லை, நிஜமாகவே ஓடினார். வாழ்க்கையில் அதுவரை ஒரு மாரத்தான் பந்தயம்கூட ஓடியதில்லை. 42.195 கிலோமீட்டரை எந்த வேகத்தில் தொடங்குவது, எங்கே மூச்சைச் சேமிப்பது... எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ்தான் அப்போது உலகத்திலேயே வேகமான மாரத்தான் வீரர். சரி, அவரோடு ஒட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்.

பாதி தூரம் வருவதற்குள் பீட்டர்ஸிடமே, 'இந்த வேகம் சரிதானா?' என்று கேட்டாராம். 'ரொம்ப மெதுவு' என்று பீட்டர்ஸ் விளையாட்டாகச் சொல்லி வைக்க, ஸாட்டோபெக் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார் என்பார்கள். பாவம் பீட்டர்ஸ், கால் தசை பிடித்துக்கொண்டு நடுவிலேயே பந்தயத்தை விட்டார். ஸாட்டோபெக் தன்னந்தனியாக ஸ்டேடியத்துக்குள் நுழைந்தார். 2 மணி, 23 நிமிடம், 3 விநாடி. பழைய ஒலிம்பிக் சாதனையைவிட ஆறு நிமிடத்துக்கு மேல் குறைவு! இரண்டாவது வந்த அர்ஜென்டினாக்காரர் கோர்னோ எல்லைக்கோட்டைத் தொடும்போது இரண்டரை நிமிடம் கழிந்திருந்தது. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்று பந்தயங்களையும் ஜெயித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். இத்தனைக்கும் பிறகு மாரத்தானைப் பற்றி அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ரொம்ப போரடிக்கிற பந்தயம்!'

'திடீர் முடிவு, திடீர் வெற்றி' என்றுதான் இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். முடிவு வேண்டுமானால் திடீரென்று வந்திருக்கலாம். தயாரிப்பு திடீர் இல்லை. ஸ்லின் தெருவில் வேண்டாவெறுப்பாக ஓடிய அந்த நாளிலிருந்து பதினோரு வருடம் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 40 தடவை மூச்சிரைக்க ஓடிய கால்களுக்கு மாரத்தான் என்ற பெயர்தான் புதிது, பாடு புதிதல்ல.

அந்த மனிதருக்கு இன்னொரு ஓட்டமும் பாக்கியிருந்தது. 1968-ல் நாட்டில் சுதந்திரக் காற்று கொஞ்சம் வீசியபோது அதை வெளிப்படையாக ஆதரித்தார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்தன. கர்னல் ஸாட்டோபெக் தெருவில் நின்று அந்தச் சிப்பாய்களோடு வாதாடினார். விளைவு? கட்சி நீக்கியது, ராணுவம் வெளியே தள்ளியது. நாலு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், வீட்டை விட்டுத் தொலைதூரத்தில் கேரவனில் தங்கி, நிலத்தில் துளை போடும் குழுவோடு உடம்பு நோக வேலை செய்தார். வருடக்கணக்கில்! 2000 நவம்பரில் காலமானார்.

18 வயதில் 'முடியாது' என்று சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. அப்படிப் பலிக்காமல் போனதில் லாபம் உலகத்துக்கு. பிற்பாடு அவர் 'மாட்டேன்' என்று சொன்னது தனக்காக இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? ஓடி ஓடிச் சேர்த்ததில் அதுவும் ஒன்று.