மரபணு சொல்லாத வரிசை: ஓர் அவரைப் புரதத்தின் கதை

ஒரு செடியில் இருப்பது என்ன புரதம் என்று கண்டுபிடிக்க இன்றைக்கு வழக்கமான வழி ஒன்று இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் துண்டுகளின் எடையை அளப்பார்கள். பிறகு அந்தச் செடியின் மரபணுக்களை வைத்துக் கணித்த புரதப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். நெல்லுக்கு அந்தப் பட்டியல் இருக்கு. பட்டியலே இல்லாத செடிக்கு? சொந்தக்காரச் செடியின் பட்டியலைக் கடன் வாங்க வேண்டியதுதான். அந்தக் கடன் சரக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு பழைய கதை நல்ல பதில் சொல்கிறது.

கதையின் நாயகி ஜாக் பீன். நம்ம ஊர் வாளவரையின் நெருங்கிய உறவு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் இந்தக் கொட்டையை அரைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சிறுவயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர். 1926இல் இதிலிருந்துதான் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக எடுத்து, நொதியும் ஒரு புரதமே என்று காட்டினார். அதற்கு 1946இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்கும் முன்பே, 1919இல், அதே கொட்டையிலிருந்து அவர் இன்னொரு புரதத்தைப் பிரித்திருந்தார். பெயர் கான்கனவலின் ஏ. இது சில சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கும்.

1970களின் தொடக்கத்தில் ஜெரால்ட் எடல்மனின் குழு இந்தப் புரதத்தின் அமினோ அமில வரிசையைப் படிக்க இறங்கியது. ஜாக் பீனின் மரபணு வரிசை அப்போது யாரிடமும் கிடையாது. டி.என்.ஏ.வைப் படிக்கும் சாங்கரின் முறையே 1977இல்தான் வந்தது. ஆகவே புரதத்தையே வெட்டி, ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு அமிலமாகக் கழற்றிப் பார்த்தார்கள். மொத்தம் 237 அமிலங்கள்.

வேலையின் நடுவே ஒரு சின்ன நெருடல். முழுச் சங்கிலிகளோடு எப்போதும் இரண்டு துண்டுகளும் கலந்து வந்தன: 1 முதல் 118 வரை ஒன்று, 119 முதல் 237 வரை இன்னொன்று. உடைவது இயல்புதான். ஆனால் எப்போதும் அதே இடத்தில் ஏன்?

1979இல் அதே குழு ஃபாவா அவரையின் ஃபாவின் என்ற புரதத்தைப் படித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. உறவு பளிச்சென்று தெரிந்தது. வரிசைதான் இடம் மாறியிருந்தது. ஃபாவினின் தொடக்கம் கான்கனவலினின் 120ஆம் இடத்தையொட்டிப் பொருந்தியது. அங்கிருந்து கடைசிவரை ஓடி, பிறகு கான்கனவலினின் முதல் அமிலத்துக்கு வந்து தொடர்ந்தது. பூமாலை மாதிரி யோசித்துப் பாருங்க. மாலையை எந்த இடத்தில் அவிழ்த்தாலும் பூக்களின் வரிசை அதேதான். எது முதல் பூ என்பது மட்டும் மாறும்.

பரிணாமத்தில் எப்போதோ ஜாக் பீனின் மரபணுவே வெட்டி ஒட்டப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது இயல்பு. 1985இல் மரபணுச் செய்தியைப் படித்தபோது அந்த ஊகம் நிற்கவில்லை. ஜாக் பீனின் மரபணு தன் சொந்தக்காரர்களைப் போலவே, ஃபாவினின் வரிசையில்தான் இருந்தது! இடமாற்றம் நடப்பது புரதம் உருவான பிறகு, வளரும் விதைக்குள். முதலில் உருவாகும் சங்கிலி நடுவில் வெட்டப்படுகிறது. இடையில் இருக்கும் ஒரு சிறு பகுதி கழற்றப்படுகிறது. பழைய இரு முனைகளும் ஒட்டப்படுகின்றன. அந்த ஒட்டு விழும் இடம் 118க்கும் 119க்கும் நடுவே! ஆக, அந்த இரண்டு துண்டுகளுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. அவை உடைந்தவை என்பதைவிட, இன்னும் ஒட்டாதவை என்று சொல்வதே பொருத்தம். வெட்டி ஒட்டும் வேலையைச் செய்வது விதையில் உள்ள அஸ்பராஜினைல் எண்டோபெப்டிடேஸ் என்ற நொதி என்பது 1990களில் சோதனைக் குழாயிலேயே காட்டப்பட்டது.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். சொந்தக்காரச் செடியோடு ஒப்பிட்டதால்தான் இந்தப் புதிர் கண்ணில் பட்டது. அந்த வகையில் கடன் வாங்குவது நல்ல வழிதான். ஆனால் ஒட்டு விழுந்த இடத்தைத் தாண்டி வரும் துண்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிடித்து, மரபணுவிலிருந்து கணித்த பட்டியலில் தேடினால், அது கிடைக்கவே கிடைக்காது. ஜாக் பீனின் சொந்த மரபணுவையே வைத்துத் தேடினாலும் அதே கதிதான். பட்டியலில் இல்லாததைக் கணினி 'பொருந்தவில்லை' என்று ஒதுக்கிவிடும். நமக்கும் அது அழுக்காகத்தான் தோன்றும்.

இதனால்தான் பட்டியலின் துணையில்லாமல் துண்டின் வரிசையை நேராகவே படிக்கும் முறைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. எடல்மன் குழு படித்த 237 அமிலங்களின் வரிசை, மரபணு வந்த பிறகும் சரியாகவே நின்றது. கொட்டைக்குள் உண்மையில் இருப்பது எது என்று சொன்னது அந்த வரிசைதான். மரபணு சொன்னது, அது எங்கிருந்து கிளம்பியது என்பதை.