தடுத்தாட்கொண்ட வழக்கு

கடலூர்க்கு மேற்கே திருவந்திபுரத்தை அணைந்து கீழ்கடலை நோக்கிச் செல்லும் கெடிலம் சிற்றாறேயாயினும், தமிழ்நாட்டுச் சமய வரலாற்றில் பேராறுகள் பலவற்றிற்கும் இல்லாத பெருமை வாய்ந்தது. திருவந்திபுரம் திருமங்கையாழ்வாராற் பாடப்பெற்றதும், வேதாந்த தேசிகர் நெடுங்காலம் உறைந்ததுமாகிய வைணவப்பதி. அதற்குச் சிறிது மேற்கே, அவ்வாற்றங்கரையிலேயே, திருமாணிகுழி என்னுஞ் சிவப்பதி விளங்குகின்றது. இன்னும் மேற்கே செல்வார் திருநாவுக்கரசு சுவாமிகள் சூலைநோய் நீங்கப்பெற்ற திருவதிகை வீரட்டானத்தைக் காண்பர். இவ்வாற்று வழியே பழங்காலத்தில் இளைஞர் ஒருவர், தமக்கென்று முடிவு செய்யப்பட்டிருந்த திருமணம் முகூர்த்த வேளையிலே குலைந்துபோக, தில்லையை நோக்கி நடந்து சென்றார். அவரே திருநாவலூர் நம்பியாரூரர். சுந்தரமூர்த்தி நாயனார் என உலகம் போற்றும் பெருமான்.

நாயனாரது காலம் இன்னதென்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்பட்டிலர். திருத்தொண்டத்தொகையிற் கழற்சிங்க நாயனாரை உலகங் காக்கின்ற வேந்தராக நிகழ்காலத்தில் வைத்து அவர் பாடுதலின், அவ்வேந்தரை இராசசிம்ம பல்லவனென்று கொள்வார் கி. பி. 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும், மூன்றாம் நந்திவர்மனென்று கொள்வார் 9-ஆம் நூற்றாண்டையும் கூறுவர். எங்ஙனமாயினும், ஆதிசைவ அந்தணராகிய சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாய்த் தோன்றி, திருமுனைப்பாடி நாட்டரசராகிய நரசிங்கமுனையரையரின் அரண்மனையில் வளர்ந்தவர் அவர் என்பது ஒருதலை. பிறப்பால் வேதியர், வளர்ப்பால் அரசகுமாரர். குறையென்று சொல்லத்தக்கது ஒன்றும் அவர் வாழ்க்கையில் இல்லை. புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகளார் மணமகளாக உறுதி செய்யப்பெற்றனர். ஓலை போக்கினர்; நாள் குறித்தனர்; பந்தரும் இட்டனர்.

அப்பந்தரில் முதிய வேதியர் ஒருவர் குடையுந் தண்டும் ஏந்தி வந்து நின்று, தமக்கும் மணமகனார்க்கும் ஒரு வழக்குண்டென்றும், அதனை முடித்த பின்னரே மணம் முடிக்கவேண்டுமென்றும் கூறினார். வழக்கு யாதெனின், இந்நாவலூரன் தமக்கு அடிமை என்பதே. கேட்டவர் நகைத்தனர். நம்பியாரூரரும் நகைத்து, அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் எங்கும் இல்லை, நீர் பித்தரோ என்றார். இவ்விடத்திற் சேக்கிழார் பெருமான் காட்டும் உளநிலையைக் கற்பார் சிறிது நின்று கவனித்தல் வேண்டும். முதியவரின் வடிவத்தைக் கண்ட அளவில் நம்பிகளின் உள்ளம் காதல் செய்து உருகுகின்றது. அவர் வாயினின்று வரும் சொல்லோ வெகுளியை மூட்டுகின்றது. இரண்டும் ஒரே நெஞ்சில், ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

வாழ்க்கைக்கு வகுத்த நெறி திடீரென முறியுங்கால் உள்நின்று உணர்த்துவதை நம்புக என்று கூறுதல் எளிது. உள்ளே எழுவன பலவாயின் எதனை நம்புவது? நம்பிகளின் வெகுளிக்கு நியாயம் இருந்தது. உலக வழக்கும் குல வழக்கும் அதன் பக்கமே நின்றன. அதனை எடுத்துரைக்கச் சொல்லும் இருந்தது. உருக்கத்திற்கோ காரணமும் இல்லை, மொழியும் இல்லை. ஆயினும் அவ்வுருக்கமே மெய்யை அறிந்திருந்தது. நம்பிகள் அவ்விரண்டனுள் எதற்கும் தம்மை அங்கேயே ஒப்புவித்துவிடவில்லை. ஆளோலை உண்டென்று இவர் கூறுதலின் அதன் உண்மையை அறிவேன் என்றே முற்பட்டார். பின்னர் வெகுளி மேற்பட, ஓலையைப் பறித்துக் கிழித்தாரென்பதும் மறைக்கத்தக்கதன்று. அருளாளர் வரலாறுகளை எழுதுவோர் இத்தகைய இடங்களை மெழுகிவிடுவதுண்டு. சேக்கிழார் அங்ஙனஞ் செய்யாமை அவர்தம் பெருமை.

வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. சோழப்பேரரசின் அமைச்சராயிருந்தவர் சேக்கிழார் என்பது மரபு. நீதிமன்ற நடைமுறையை அவர் நன்கறிந்தவர் என்பதற்கு இப்பகுதியே சான்றாம். அனுபவம், ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் காட்டுக என அவையோர் கேட்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடத்தே உளது என்கிறார் முதியவர். கரணத்தான் அதனை வாங்கிப் படிக்கின்றான். பாட்டனார் ஆரூரர், தாமும் தம் மரபினரும் வழிவழி அடிமை செய்வதாக எழுதிக்கொடுத்த ஓலை அது. சாட்சியிட்டவர் எழுத்துக்கள் ஒக்கின்றன. பாட்டனார் கைச்சாத்தோ வேறோர் ஓலையொடு வைத்து ஒப்புநோக்கப்படுகின்றது, அதுவும் ஒக்கின்றது. நம்பி தோற்றீர் என்று அவையோர் தீர்ப்புரைக்க, முறை இதுவேயாகில் யான் இசையேன் என்பது பொருந்துமோ என்று நம்பிகள் பணிகின்றார். மணப்பந்தரில் ஓலையைக் கிழித்த கைகள் அவையின்முன் குவிந்தன.

முதியவரது இருப்பிடம் யாதென ஊரவர் வினவ, அவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுட் புகுந்து மறைந்தார். பிறர் திகைத்து நின்றனர். தொடர்ந்து சென்றவர் நம்பிகள் ஒருவரே. முன்னர்ப் பந்தரிலே மொழியின்றி உருகிய அவ்வுருக்கம் இப்பொழுது வழி காட்டிற்று. இறைவர் உமையொடும் விடைமேற் காட்சி தந்து, வன்மை பேசியதனால் வன்றொண்டன் என்னும் பெயரை நல்கி, தமக்குகந்த வழிபாடு பாடலேயாகலின் பாடுக எனப் பணித்தார். யாது சொல்லிப் பாடுவேன் என்றவர்க்குப் பந்தரிற் சொன்ன பித்தன் என்னுஞ் சொல்லையே முதலாகக் கொடுத்தார். வசைச்சொல் ஏழாந்திருமுறையின் முதற்சொல்லாயிற்று.

இவையெல்லாம் பிற்காலத்தார் புனைந்தன என்பாரும் உளர். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாங் குலோத்துங்கன் காலமாகிய 12-ஆம் நூற்றாண்டில் என்பது உண்மையே. ஆனால் நாயனாரது சொந்த வாக்கிலேயே இதற்குச் சான்றுகள் உள. முதற்பதிகத்தின் ஒவ்வொரு பாட்டும், முன்னரே ஆளாகிவிட்ட யான் இப்பொழுது அல்லேன் எனல் தகுமோ என்னுங் கருத்திலேயே முடிகின்றது. இது வழக்கில் தோற்றவர் வாக்கன்றி வேறென்னை? திருநாவலூர்ப் பதிகத்திற் சபைமுன் வன்மை பேசி வன்றொண்டனென்னும் வாழ்வு பெற்றமையைக் கூறுகின்றார். திருக்கோலக்காப் பதிகத்தில் உலகத்தவர் முன்னே ஆவணங் காட்டி ஆட்கொண்டு வெண்ணெய்நல்லூரில் ஒளித்ததனைக் குறிக்கின்றார்.

அவ்வெண்ணெய்நல்லூரிலேயே 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் விளங்கிச் சிவஞானபோதம் அருளியமையை ஈண்டு நினைத்தல் தகும். அதன் ஐந்தாஞ் சூத்திரம், ஐம்பொறிகள் உயிரின் உதவியால் விடயங்களை அறிந்தும் தம்மை அறிவிக்கும் உயிரை அறியாதவாறு போல, உயிரும் இறைவன் உணர்த்த உணர்ந்தும் அவனை அறியாது நிற்கும் என்பதனை நிறுவுகின்றது. எட்டாஞ் சூத்திரமோ, அங்ஙனம் உள்நின்ற முதல்வனே பக்குவம் நோக்கிக் குருவாய்ப் புறத்தே வந்து உணர்த்துவான் என்கின்றது. பந்தரில் உருகிய நெஞ்சம் ஐந்தாஞ் சூத்திரத்திற்கும், தண்டூன்றி வந்த முதியவர் எட்டாஞ் சூத்திரத்திற்கும் இலக்கியமாதல் காண்க. உள்நின்று உணர்த்துவானும் புறத்தே வந்து தடுப்பானும் ஒருவனேயாதலின், உள்ளுணர்வு மெய்யாயின் அது புறத்தே அவையின் ஆராய்ச்சிக்கு அஞ்சி ஒளியாது. தன் மனத்தெழுந்த விருப்பத்தையெல்லாம் திருவருட் குறிப்பெனக் கொண்டு தன்போக்கில் நடப்பார்க்கு இவ்வரலாறு இடந்தருவதன்று.

ஒருமுறை தடுத்தாட்கொள்ளப்பட்டவர் பின்னர் எப்பொழுதும் பிழையாது உணர்வாரென்பதும் இல்லை. நம்பிகள் திருநாவலூரும் திருத்துறையூரும் வணங்கிப் பெண்ணையாற்றைக் கடந்து திருவதிகை அணைந்தார். திருநாவுக்கரசர் கையினால் தொண்டு செய்த பதியைக் காலால் மிதிக்க அஞ்சி, ஊர்ப்புறத்துச் சித்தவடமடத்தில் இரவு தங்கினார். அங்கும் ஒரு முதியவர் வந்து துயில்வார் போன்று அவர் முடிமேல் அடி வைத்தார். நம்பிகள் தலையை வேறு திசையில் வைத்தார். அடியும் அத்திசையில் வந்தது. பலகாலும் இங்ஙனம் நிகழ, நீர் யார் என்று சினந்து கேட்டார். என்னை அறிந்திலையோ என்று சொல்லி மறைந்தருளினார் பெருமான். அப்பொழுது பாடிய பதிகத்திலே, இறைவன் தன் அடியை எம் முடிமேல் வைப்பான் என்னும் ஆசையாலேயே வாழும் தாம், அவனை இகழ்ந்தவாறு என்னே என்று தம்மைத் தாமே நொந்துகொள்கின்றார். எதனை நாளும் வேண்டினாரோ அது வந்தபொழுது தலையை விலக்கினார்!

மணம் குலைந்தமையால் துணையிழந்தவர் மற்றொருவரும் உளர். சடங்கவியார் மகளார்க்கு அவையும் இல்லை, ஆவணமும் இல்லை, விடைமேற் காட்சியும் இல்லை. பந்தரிலே தனித்து விடப்பட்ட அப்பெருமாட்டியார் நம்பியாரூரரையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினார் என்று சேக்கிழார் மிகச் சுருங்கக் கூறி மேலே செல்கின்றார். அவர்தம் பெயர் தானும் புராணத்தில் இல்லை. நாயனாருக்கு வெளிவந்து உணர்த்திய முதல்வன் அவ்வம்மையார்க்கு உள்ளேயே நின்று உணர்த்தினான் போலும். அவ்வூர் இன்றும் ‘மணந்தவிர்ந்த புத்தூர்’ என வழங்கி அந்நாளை நினைவூட்டுகின்றது.

விடியலிற் கெடிலத்தில் நீராடி நம்பிகள் திருமாணிகுழி சென்றார். மாவலிபால் மண்ணிரந்த திருமால் மாணியாய் வழிபட்டமையின் அப்பெயர்த்து அப்பதி. அதன் கருவறை முன்னர் எந்நாளும் திரையிட்டிருத்தல் இன்றும் வழக்கு. திரை விலகுங் கணத்தே தரிசனம் கிடைத்து மறையும். திருவதிகையில் இரவெல்லாம் அடி சூடியும் அறியாதிருந்த நம்பிகள் மறுநாள் அத்தலத்தை வணங்கியது பொருத்தமுடையதே. அங்கிருந்து திருத்தினைநகர் பணிந்து தில்லையை அடைந்து அம்பலவாணரைக் கண்டு கண்ணீர் மல்க நின்றார். இனி எங்கே செல்வது, யாது செய்வது என்று அவர் வகுத்துக்கொண்டதாகப் புராணத்தில் ஒன்றும் இல்லை. ஆரூர்க்கு வருக என்று ஒரு திருவாக்கு வானில் எழுந்தது. அவர் எழுந்து நடந்தார்.

திருவாரூரில் இறைவர் அவர்க்குத் தம்மைத் தோழராகத் தந்து, புத்தூரிற் பூண்ட மணக்கோலத்தை என்றும் நீக்காது அணிந்து நிலமிசை உலவுக எனப் பணித்தருளினார். மண்ணில் அவர் வாழ்ந்தது பதினெட்டாண்டே என்பது மரபு. சிவாலயங்களில் நால்வர் வரிசையில், உழவாரப்படை தாங்கிய அரசருக்கு அருகே, முடிவு பெறாத அத்திருமணத்தின் கோலத்தோடு நம்பிகள் எழுந்தருளியிருக்கின்றார்.

திருச்சிற்றம்பலம்.