'இவரை ஃபாலோ செய்யலாமே?'... சமூக வலைதளங்களின் பரிந்துரையில் இருக்கும் சிக்கல்கள் என்னென்ன?

எக்ஸ் தளத்தில் புதிதாகக் கணக்கு தொடங்கினால், முதல் வேலையாகச் சில பெயர்களைக் காட்டி 'இவங்களை ஃபாலோ பண்ணுங்க' என்கிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டம்ளர் என எதைத் திறந்தாலும் இதே கதைதான். பார்க்க உதவி மாதிரி தெரியும் இந்தத் தானியங்கிப் பரிந்துரைகளில் சில சிக்கல்களும் இருக்கின்றன.

எப்படி வேலை செய்கிறது?

எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்தபோது, 2010ஆம் ஆண்டு 'யாரைப் பின்தொடரலாம்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. நீங்கள் யாரை ஃபாலோ செய்கிறீர்கள், அவர்கள் யாரை ஃபாலோ செய்கிறார்கள் என்ற தொடர்புச் சங்கிலிதான் இதன் அடிப்படை. உங்கள் செல்போனில் இருக்கும் எண்களைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தால், அதுவும் கணக்கில் சேரும். ஒருவர் எழுதுவது உண்மையா, பொய்யா என்பதை இந்தச் சங்கிலி சொல்லாது.

1. பிரபலங்களுக்கே லாபம்

இந்த வசதியால் ட்விட்டரில் என்ன மாறியது என்பதை ஆராய்ந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று 2016இல் வெளியானது. எல்லோருக்கும் ஃபாலோயர்கள் கூடினார்கள். ஆனால் ஏற்கெனவே மிகப் பிரபலமாக இருந்தவர்களுக்குச் சராசரியைவிடக் கணிசமாக அதிகம் கூடினார்கள். அதாவது, உங்கள் ஊர்ப் பிரச்சினையை எழுதும் ஒருவரைவிட, எல்லோருக்கும் தெரிந்த நடிகரே உங்கள் பட்டியலில் வர வாய்ப்பு அதிகம்.

2. ரகசியம் கசியலாம்

புனைபெயரில் எழுதும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணக்கு தொடங்கும்போது தன் செல்போன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவர் விலகி வந்த ஒருவரின் போனில் அதே எண் இருந்து, அந்த நபர் தன் தொடர்புகளைப் பதிவேற்றினால், அவருக்கு இந்தக் கணக்கு பரிந்துரையாகப் போகலாம். இவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை. பதிவேற்றியவர் வேறொருவர், மாட்டிக்கொள்பவர் இவர்.

3. ஒரே பக்கம் இழுக்கும்

ஒரு சாராரை ஃபாலோ செய்தால், அதே சாராரே மேலும் மேலும் வருவார்கள். இது எங்கே கொண்டுபோய் விடும்? ஃபேஸ்புக் குழுக்களில் நடந்ததே உதாரணம். தீவிரவாதக் கருத்துள்ள குழுக்களில் சேர்ந்தவர்களில் 64 சதவீதம் பேர் தளத்தின் பரிந்துரையால்தான் சேர்ந்தார்கள் என்று அந்நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு உள் அறிக்கையே சொன்னது. 2020இல் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இதை வெளியிட்டது. அரசியல் குழுக்களைப் பரிந்துரைப்பதை நிரந்தரமாக நிறுத்துவதாக 2021 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது.

நாம் என்ன செய்யலாம்?

* எக்ஸ் தளத்தில் 'செட்டிங்ஸ்' சென்று, 'பிரைவசி அண்ட் சேஃப்டி' பகுதியில் 'டிஸ்கவரபிலிட்டி அண்ட் கான்டாக்ட்ஸ்' என்பதைத் திறங்கள். செல்போன் எண், மின்னஞ்சல் மூலம் உங்களைக் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே பதிவேற்றிய தொடர்புகளையும் அங்கேயே நீக்கலாம்.
* புதிய செயலி 'கான்டாக்ட்ஸ்' அனுமதி கேட்டால், யோசிக்காமல் 'அலோ' கொடுக்காதீர்கள். அதில் இருப்பது உங்கள் எண் மட்டுமல்ல, அடுத்தவர்களின் எண்ணும்தான்.
* புனைபெயரில் எழுதுவதாக இருந்தால், அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள்.
* பரிந்துரையில் வந்தவர் என்பதற்காகவே ஃபாலோ பட்டனை அழுத்த வேண்டாம். அவரது கடைசி பத்து பதிவுகளையாவது படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.