வீடு, வேலை, கடை: சேரியின் எல்லையை வரைந்தது யார்?

ஒரகடம் சந்திப்பில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள் தோழர்களே. கீழே பிரியாணிக் கடை, மொபைல் கடை. மேலே தொழிலாளர்களுக்கு வாடகை அறைகள். இவற்றில் பல ஒரு காலத்தில் வெறும் வீடுகள். அப்படியே காலனிக்குள் போங்கள். தொகுப்பு வீடுகள் இருக்கும். ஏதாவது ஒரு திண்ணையில் பெட்டிக்கடை இருந்தால் உண்டு.

'ரோட்டோரம் இருப்பவனுக்கு அதிர்ஷ்டம்' என்று இதைப் பேசி முடித்துவிடுகிறோம். எங்கே குடியிருக்கலாம், எங்கே தொழில் செய்யலாம் என்று நமக்காக மற்றவர்கள் எடுத்த முடிவுகளின் விளைவுதான் இது. அந்த முடிவுகளுக்கு 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

ஸ்ரீபெரும்புதூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சேரியின் குடிசை மனைகூட மிராசுதாருக்கே சொந்தம் என்று சொல்லப்பட்டது. வேலைக்கு வர மறுத்தாலோ, தரிசு நிலம் கேட்டு மனு போட்டாலோ மனையைக் காலி செய்யச் சொல்லி மிரட்டினார்கள். அதாவது வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வேலையை விட்டால் வீடு போகும்.

1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது நாம் அறிந்த கதை. அதை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் அளவுக்கு மனை பற்றி நாம் பேசுவதில்லை. 1920-களில் தொழிலாளர் துறை தாழ்த்தப்பட்டோருக்கு மனை வாங்கிக் கொடுத்தது. அதற்கான பணத்தை நம் மக்களே தவணையில் கட்ட வேண்டியிருந்தது. 1978-இல் 'அரிசன நலத் திட்டங்களுக்கு' நிலம் கையகப்படுத்தத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட்டது. நம் காலனிகள் பலவும் இப்படி உருவானவைதான். மிராசுதார் காலி செய்யச் சொல்ல முடியாத மனை கிடைத்தது பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் கிடைத்தது வீட்டுமனை மட்டும். பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கடைத்தெருவைவிட்டு விலகி, வீடு கட்டிக் குடியிருப்பதற்கென்று கொடுத்த நிபந்தனைப் பட்டா. பொதுத் தெருவும் கிணறும் சந்தையும் எல்லோருக்கும் பொது என்று 1924-இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைத்தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்டவர்களுக்கு அங்கே கடை போட இடம் எப்படிக் கிடைத்திருக்கும்?

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா, ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான். வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தேவைப்பட்டன. சாலையோர நத்தத்தில் மனை வைத்திருந்தவர்கள் மாடி எழுப்பினார்கள், மெஸ் வைத்தார்கள். எனக்குத் தெரிந்த காலனி அக்கா ஒருவர், வீட்டின் மேல் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடக் கடன் கேட்டுப் போனார். பட்டாவைப் பார்த்துவிட்டு, "இது நிபந்தனைப் பட்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்று அவர் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறார்.

வீட்டையும் தொழிலையும் கலக்கவே கூடாது என்று அரசு சொல்வதில்லை. கட்டட விதிகளில் 'கலப்புக் குடியிருப்பு' என்று ஒரு வகையே இருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. பாதுகாப்பான விடுதி அந்தப் பெண்களின் உரிமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனிக்குத் தேவை என்றால் தொழிற்பேட்டைக்குள்ளேயே குடியிருப்பு வருகிறது. வேலை போனால் படுக்கையும் போகும் என்ற நிலையும் கூடவே வருகிறது. மிராசு முறையும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் வேலையோடு கட்டிய கூரை எப்படிப்பட்டது என்று நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரியும்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. இந்தப் பகுதியும் அதற்குள் வருகிறது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது தொழிற்சாலை என்பதை முழுமைத் திட்டம்தான் தீர்மானிக்கும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி, திட்டத்தை அறிவித்து ஆட்சேபனை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். ரியல் எஸ்டேட்காரர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடுவதே இல்லை. நாம்தான் தவறவிடுகிறோம்.

படித்த பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் காலனியின் சர்வே எண்களையும் அ-பதிவேட்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். வீடு வீடாகப் போய் யாரிடம் எந்தப் பட்டா, என்ன நிபந்தனை என்று எழுதுங்கள். காலனியைக் கலப்புக் குடியிருப்பாக வகைப்படுத்து, வீட்டில் தொழில் செய்யத் தடையாக இருக்கும் நிபந்தனையைத் தளர்த்து என்று கிராம சபையில் தீர்மானம் கொடுங்கள். அதே நேரம், மனை நம் மக்களைவிட்டு வெளியே போகாமல் தடுக்கும் நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள். பஞ்சமி நிலத்தில் அந்த நிபந்தனை மீறப்பட்டதால் நாம் இழந்தது போதும்.

ஜெய் பீம்.