விபத்தும் வர்க்கமும்: பிரித்தானியச் சுரங்க மரணங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விபத்து என்னுஞ் சொல் தற்செயலையும் ஊழையும் ஒருங்கே நினைவூட்டுவது. ஆயின், ஒரு நாட்டிலே குறிப்பிட்ட தொழிலைச் செய்வோர் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே வகையில் மாண்டுவருவராயின், அதனைத் தற்செயல் எனல் பொருந்தாது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வோம்.

1838இல் ஹஸ்கர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 26 சிறுவர் சிறுமியர் மாண்டனர். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரையும் நிலத்தடி வேலையினின்றும் விலக்கியது. 1862இல் ஹாட்லிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் பொறியின் பாரிய வளை முறிந்து, இருந்த ஒரேயொரு வாயிலை அடைத்தது. 204 பேர் மாண்டனர். சுரங்கமொன்றிற்கு இரு வாயில்கள் வேண்டுமென்ற சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. அறிவு முன்னரே இருந்தது. அதனைச் சட்டமாக்கப் பிணங்கள் தேவைப்பட்டன.

எனினும், செய்தித்தாள்கள் பேசிய பெருவெடிப்புகளைவிடக் கூரைச் சரிவாலும் வண்டிகளில் அகப்பட்டும் தனித்தனியே இறந்தோரே மிகப்பலர். தொன் கணக்கிற் கூலி பெற்றவனுக்குக் கூரைக்கு முட்டுக்கொடுக்கும் நேரம் கூலியிழப்பாயிற்று. முதலாளிமார் ‘கவனயீனம்’ என்றது இக்கூலிமுறையின் விளைவே என்பது மனங்கொளத்தக்கது.

நீதித்துறையும் இவ்வுறவையே பேணியது. 1837இல் எழுந்த பிரீஸ்லி வழக்கைத் தொடர்ந்து, சக தொழிலாளியின் தவறால் நேர்ந்த காயத்திற்கு முதலாளி பொறுப்பல்லன் என்ற கோட்பாடு வேரூன்றியது. 1897இல் நட்டஈட்டுச் சட்டம் வந்தபோதும், அக்கோட்பாடு 1948இலேயே முற்றாக ஒழிந்தது. 1901இல் 81 பேரைப் பலிகொண்ட செங்கனித் சுரங்கம் 1913இல் மீண்டும் வெடித்து 439 தொழிலாளரைக் கொன்றது. முகாமையாளருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 24 பவுண்; கம்பனிக்கு 10 பவுண்.

இக்காலத்தில் ஆயிரம் தொழிலாளருக்கான மரணவீதம் குறைந்துவந்தது உண்மையே. ஆனால் உற்பத்தி பெருகப் பெருகத் தொழிலாளர் தொகையும் பெருகியமையால், முதலாம் உலகப் போரின் தறுவாயிலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீதம் கூறும் வரலாறு வேறு. புதைகுழிகள் கூறும் வரலாறு வேறு.

1974இல் பிரித்தானியாவிற் சகல தொழில்களிலும் வேலையின்போது காயமுற்று இறந்த ஊழியர் 651 பேர். 2023-24இல் இறந்த தொழிலாளர் 138 பேர். தொழிற்சங்கப் போராட்டமும் 1974ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டமும் இதற்குக் காரணங்களாயின; இச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் ஆபத்தான தொழில்கள் பல அங்கு அருகியமையும் ஒரு காரணமாகும். கடைசி ஆழ்சுரங்கம் 2015இல் மூடப்பட்ட பின்னரும் ரஷ்யா, கொலம்பியா முதலிய நாடுகளின் நிலக்கரி சில ஆண்டுகள் அங்கு எரிந்தது. பிரித்தானியக் கடைகளுக்கும் ஆடை தைத்த வங்காளதேசத்து ரானா பிளாசா 2013இல் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டபோது, அம்மரணங்கள் பிரித்தானியப் புள்ளிவிபரத்திற் சேரவில்லை. மூலதனம் எல்லை கடக்கின்றது. புள்ளிவிபரம் எல்லையில் நின்றுவிடுகின்றது.

இலங்கையிலே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இப்பிரித்தானிய மரபில் வந்ததே. அது இறந்தவனின் மாதச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டு நட்டஈட்டைக் கணித்தது. குறைந்த கூலி பெற்றவனின் மரணம் குறைந்த விலை பெற்றது. ஆகவே, தேசியப் புள்ளிவிபரங்களை நோக்கும்போது எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு நாம் அமையலாகாது. எவர் இறந்தனர், எவரது இலாபத்திற்காக இறந்தனர், எவர் கணக்கில் விடுபட்டனர் என்பனவே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாக்களாம்.