புக்கிட் ஜாலில்: தோட்டத்தில் எழுந்த அரங்கம்

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து காற்பந்து பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு வழி எளிது. பண்டமாரான் பக்கம் போய் கெசாஸ் நெடுஞ்சாலையைப் பிடித்தால், அதுவே புக்கிட் ஜாலிலில் கொண்டுபோய் விடும். ஹரிமாவ் மலாயா ஆடும் இரவுகளில் தேசிய அரங்கை நெருங்க நெருங்க வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அந்த வட்டாரத்தில் முன்பு பால்மரம் நின்றது, நம்மாட்கள் விடிவதற்கு முன்பே மரம் வெட்டப் போனார்கள் என்பது மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

புக்கிட் ஜாலில் தோட்டத்தை அரசாங்கம் 1980இல் கையகப்படுத்தியது. 1992இல் பார்சலோனாவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனம், அடிலெய்டை ஒதுக்கிவிட்டு 1998 போட்டிகளைக் கோலாலம்பூருக்குக் கொடுத்தது. ஆசியாவுக்கு அந்த விளையாட்டு வருவது அதுவே முதல் முறை. கையில் இருந்த அரங்கங்கள் அதற்குப் போதவில்லை.

நாட்டின் காற்பந்து அதுவரை குடியிருந்த இடம் மெர்டேக்கா அரங்கம். துங்கு கேட்டார் என்று, பொதுப்பணித்துறை இயக்குநர் ஸ்டான்லி ஜூக்ஸ் ஓராண்டுக்குள் முடித்துக் கொடுத்த கட்டடம். 1957 ஆகஸ்ட் 30 அன்று திறந்தார்கள். மறுநாள் காலை அங்கேதான் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் அதே ஆண்டில் தொடங்கியது. 1980இல் தென் கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதும் அந்தத் திடலில்தான். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் காத்த காலம் அது. (தகுதி பெற்றும் நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, பெரியவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் கொதிப்பார்கள்.) ஷா ஆலாமில் 80,000 பேர் உட்காரும் அரங்கத்தை 1994இல் திறந்தார்கள். 1997 உலக இளையோர் கிண்ண இறுதியாட்டமும் அங்கேதான் நடந்தது. ஆனால் அது சிலாங்கூரின் அரங்கம். கூட்டரசுத் தலைநகருக்கு மகாதீர் அரசு தனியாக ஒன்றை விரும்பியது.

வேலை 1995 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கியது. வடிவமைப்பு ஆர்க்கிடெக் எஃப்ஏஏ நிறுவனத்துடையது, கட்டுமானம் யுனைட்டெட் இன்ஜினியர்ஸ் மலேசியா என்ற யூஇஎம் உடையது. இருக்கைகள் 87,000க்கும் மேல்.

இவ்வளவு பேரை எப்படி உட்கார வைப்பது என்பதைவிட, அவர்கள் தலைக்கு மேல் எதைப் போடுவது என்பதே பெரிய சிக்கல். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையைத் தெரியாதவர் யார்? முன்வரிசைவரை கூரை வேண்டும். ஆனால் அதைத் தாங்க முன்னால் தூண் வைத்தால் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் மறைந்துவிடும். பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு உத்தரங்களை முன்னே நீட்டலாம். நீளம் கூடக்கூட இரும்பும் எடையும் செலவும் ஏறிக்கொண்டே போகும்.

இதற்கு விடை ஜெர்மனியின் ஷ்லைச் பெர்கர்மான் பொறியாளர்களிடமிருந்து வந்தது. 1993இல் ஸ்டுட்கார்ட் அரங்கில் அவர்கள் செய்து காட்டியதன் அடிப்படை சைக்கிள் சக்கரம். சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றும் மெலிந்தவை, ஆனால் எல்லாம் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் ஆள் ஏறினாலும் தாங்கும். அரங்கின் வெளிவிளிம்பைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். திடலை நோக்கிய உள்விளிம்பில் கம்பிவடங்களால் ஆன இன்னொரு வளையம். இரண்டுக்கும் நடுவே ஆரங்களாக வடங்கள். வடங்கள் விறைக்கும்போது வெளிவளையம் நசுக்கப்படுகிறது, உள்வளையம் நாலாபக்கமும் இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு விசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கூரை கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதோ இழுப்பதோ மிகக் குறைவு. கீழே நிற்கும் தூண்களுக்குப் பெரும்பாலும் எடையைத் தாங்கும் வேலை மட்டும்தான். வடங்களின் மேல் விரித்திருப்பது ஓடும் தகரமும் அல்ல, வெளிச்சம் ஊடுருவும் சவ்வு. பகலில் அதன் கீழே உட்கார்ந்தால் இருட்டடித்த உணர்வு வராது. இந்த அரங்கின் உண்மையான சாதனை இதுதான் என்பேன். ஆனால் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

குறையும் பிறவியிலேயே வந்தது. தடகளத்துக்காகப் பிறந்த அரங்கம் என்பதால் திடலைச் சுற்றி ஓடுபாதை. அதன் இரண்டு முனைகளும் அரைவட்டமாக வளைவதால் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஆட்டத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போகிறார். எதிர்முனையில் கோல் விழுந்ததா என்பதைப் பெரிய திரையைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கும். காற்பந்து இங்கே வாடகைக்கு வந்த குடித்தனக்காரர்தான்.

1998 ஜூலை 11 அன்று அரங்கம் ஒப்படைக்கப்பட்டது. எல்ஆர்டி ரயிலும் அதே நாளில் புக்கிட் ஜாலிலுக்கு ஓடத் தொடங்கியது. மெர்டேக்காவுக்குத்தான் போதாத காலம். அந்த நிலம் யூஇஎம் கைக்குப் போய், இடித்து வணிகக் கட்டடங்கள் எழுப்பும் பேச்சு நடந்தது. 1997 பொருளாதார நெருக்கடிதான் அதைக் காப்பாற்றியது. பிறகு அதைப் பழைய 1957 தோற்றத்துக்கே திருப்பினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

காற்பந்தில் புக்கிட் ஜாலிலின் தொடக்கம் சிரிக்கும்படி இல்லை. 2007 ஆசியக் கிண்ணத்தைச் சேர்ந்து நடத்திய மலேசியா, சொந்த அரங்கில் சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 என்று தோற்றது. கணக்கு நேரானது 2010 டிசம்பர் 26 இரவில். சுசுகி கிண்ண இறுதியின் முதல் ஆட்டம், எதிரணி இந்தோனேசியா, நம் பயிற்றுநர் கே. ராஜகோபால். பார்வையாளர்கள் சிலர் லேசர் ஒளியை அடித்ததால் ஆட்டம் சற்று நின்றது. வெட்கக்கேடான வேலை, சந்தேகமில்லை. அதன் பின் சஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று என்று மூன்று கோல்கள். ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் 4–2. மலேசியாவுக்கு அந்தக் கிண்ணம் முதல் முறை.

அந்தக் கொண்டாட்டம் அடங்குவதற்குள், 2011 தொடக்கத்தில், புக்கிட் ஜாலில் என்ற பெயர் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. தோட்டம் போன பிறகும் பழைய குடியிருப்பிலேயே தங்கிவிட்ட 41 குடும்பங்களைக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் வெளியேறச் சொன்னது. மாற்றாக அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னது. அவர்கள் கேட்டது அதுவல்ல. மிச்சமிருந்த 26 ஏக்கரில் 4 ஏக்கர் கொடுத்தால் போதும், அதில் தரை வீடுகள் கட்டிக்கொடுங்கள் என்றார்கள். அனைத்துலக அளவுத் திடல் ஒன்று 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அந்தக் கணக்கில் 4 ஏக்கர் என்பது இரண்டு திடலுக்குக் கொஞ்சம் கூடுதல்.