மெழுகு, மணல், மெமரி

போன மாதம் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் நகல் எடுக்கப் போனேன். வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார் கடைக்காரத் தம்பி. பிரிண்ட் கைக்கு வந்ததும், "ஃபைலை டெலீட் பண்ணிடுங்க தம்பி" என்றேன். "பண்ணிட்டேன் சார், ரீசைக்கிள் பின்லயும் இல்ல, பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவர் தன் பங்கைச் சரியாகத்தான் செய்தார். ஆனால் அந்த ஒரு தாளுக்காக என் ஆதார் அந்தக் கணினிக்குள் பல இடங்களில் தங்கியிருக்கும். ப்ரௌசர் தனக்கென ஒரு பிரதி வைத்திருக்கலாம். பி.டி.எஃப். திறந்த மென்பொருள் இன்னொன்று எழுதியிருக்கலாம். பிரிண்டருக்கான வரிசையில் காத்திருக்க 'ஸ்பூல்' என்று ஒரு பிரதி உருவாகியிருக்கும். இவையெல்லாம் டெம்ப் ஃபைல்கள். வேலை முடிந்ததும் கணினி இவற்றின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். உள்ளே இருந்த எழுத்து, அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை ஹார்ட் டிஸ்கிலேயே கிடக்கும்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. ரகசியமான டெம்ப் ஃபைல்களை டிஸ்கில் எழுதவே விடாமல், மின்சாரம் நின்றதும் மறந்துவிடுகிற ரேம் மெமரியிலேயே வைத்துக்கொள்வது. கேட்பதற்குப் புதிதாகத் தோன்றும் இந்த யோசனையின் பூர்வீகம் 3,300 ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு மூழ்கிய கப்பலுக்குள் இருக்கிறது.

துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனைக்கு அருகே, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வணிகக் கப்பல் கவிழ்ந்தது. சுமார் 10 டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் ஏற்றிவந்த கப்பல். 1986இல் அதன் சரக்குகளுக்கிடையே அகழாய்வாளர்கள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப் புத்தகத்தைக் கண்டெடுத்தார்கள். இரண்டே பலகை, நடுவில் தந்தத்தில் கடைந்த கீல். பலகைகளின் உட்புறம் சற்றே குழிந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறப்பட்டிருந்தது. மெழுகு வழுக்காமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கீறல்கள். மெழுகில் எழுதலாம், தேய்க்கலாம், மறுபடி எழுதலாம். சரக்குக் கணக்கு துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறிக்கொண்டே இருக்கும் வணிகருக்கு இதைவிடத் தோதான கருவி வேறில்லை.

ஆனால் மெழுகுக்கு அடியில் மரம் இருக்கிறது. அதன் பலனை அறுவடை செய்தார் ஓர் அகதி அரசர். ஸ்பார்ட்டாவிலிருந்து துரத்தப்பட்டுப் பாரசீக அவையில் அடைக்கலமாகியிருந்த டெமராட்டஸ், பேரரசர் செர்க்சஸ் கிரேக்கத்தின்மீது படையெடுக்கப் போவதை அறிந்தார். மெழுகுப் பலகையைச் சுரண்டி, வெறும் மரத்தில் செய்தியை எழுதி, மேலே புது மெழுகை ஊற்றி அனுப்பினார். வழியில் இருந்த காவலர்களுக்கு அது வெறும் பலகை. ஸ்பார்ட்டாவிலும் யாருக்கும் புரியவில்லை. லியோனிடஸ் அரசரின் மனைவி கோர்கோதான் மெழுகைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார் என்று எழுதிவைத்திருக்கிறார் ஹெரோடோட்டஸ். மேலே மறதி, அடியில் நினைவு. இந்த இரட்டை வாழ்க்கை கணினி வரை கூடவே வரப்போகிறது.

டெமராட்டஸ் வேண்டுமென்றே செய்ததை ரோமானியர்கள் தெரியாமலே செய்தார்கள். அவர்களுடைய எழுத்தாணியின் ஒரு முனை கூர், மறுமுனை மெழுகைத் தேய்க்கும் தட்டை. அழுத்தி எழுதும் கை என்றால் கூர்முனை மெழுகைத் தாண்டி மரத்தையும் கீறிவிடும். லண்டனில் புளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, வால்புரூக் ஓடையின் ஈரச் சேற்றிலிருந்து இப்படிப்பட்ட 405 பலகைகள் கிடைத்தன. மெழுகு எப்போதோ போய்விட்டது, கீறல்கள் போகவில்லை. அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8ஆம் தேதியிட்ட கடன் பத்திரம். டிபுல்லஸ் என்பவர் கிராட்டஸ் என்பவருக்கு 105 டினாரியஸ் தர வேண்டும் என்கிறது. தேய்த்து வேறு எழுதலாம் என்று தயாரித்த பலகையில் அந்தக் கடன் 1,900 ஆண்டுகளுக்கு மேல் நிலுவையில் நின்றுவிட்டது.

அடியில் எந்தத் தடமும் தங்காத எழுதுபொருள் ஒன்று கிழக்கே புழக்கத்தில் இருந்தது. புழுதி. இந்தியக் கணக்கர்கள் பலகையில் புழுதியைப் பரப்பி விரலால் எண்களை எழுதினார்கள். கூட்டலோ பெருக்கலோ ஒவ்வொரு படியிலும் பழைய இலக்கத்தை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதிக்கொண்டே போவார்கள். முடிவில் விடை மட்டும் மிஞ்சும், வந்த வழி மறைந்துவிடும். இந்திய எண்கள் அரபு நாடுகளுக்குப் பயணம் போனபோது புழுதிப் பலகையும் உடன் போனது. வட ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் வழங்கிய இலக்க வடிவங்களுக்குக் 'குபார்' என்றே பெயர். அரபியில் குபார் என்றால் புழுதி. இன்று நாம் தட்டச்சு செய்யும் 1, 2, 3 அந்தப் புழுதி எண்களின் வாரிசுகள்தான்.

கி.பி. 952இல் டமாஸ்கஸ் நகரில் அல்-உக்லிதிசி என்ற கணித அறிஞர் புழுதிக்கு விடைகொடுக்கச் சொல்லி ஒரு நூல் எழுதினார். கை அழுக்காகிறது, தெருவோரத்தில் ஜோசியம் சொல்லிப் பிழைப்பவர்களின் பலகை என்று மதிப்பும் குறைகிறது, எல்லாவற்றையும்விட, தவறு எங்கே நேர்ந்தது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. மையும் காகிதமும் கொண்டு, எதையும் அழிக்காமல் கணக்குப் போடும் முறைகளை அவர் வகுத்துக் காட்டினார். நியாயமான வாதம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. இடைக்கணக்கு என்கிற தற்காலிகச் சரக்கு நிலைத்துத் தங்க ஆரம்பித்தது. டெம்ப் ஃபைல் டிஸ்கில் ஏறிய நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்த நூலைத்தான் காட்டுவேன்.

காகிதம் அரபு நாடுகளை வென்றாலும், நம் பக்கத்துப் பிள்ளைகள் மணலை விடவில்லை. 1623இல் கர்நாடகத்தின் இக்கேரியில் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே நான்கு சிறுவர்களைப் பார்த்தார். வாய்ப்பாட்டை ராகமாகப் பாடியபடி தரையில் பரப்பிய மணலில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்கள். தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்வோம், வாத்தியார் வேண்டாம் என்றார்களாம்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் அதே மணல் கடல் கடந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திவந்தார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். திரும்பிவந்து தன் பள்ளியில் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனையே சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் சொல்லித்தர வைத்தார். அது கைகூடியது. 1797இல் லண்டனில் இதை ஒரு நூலாக வெளியிட்டார்.

அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கறுப்பு வண்ணம் அடித்த பலகையில் வெள்ளை மணல் பரப்பினால், விரல் போன வழியெல்லாம் எழுத்து கறுப்பாகத் தெரியும். அவருடைய மணல் மேசை இங்கிலாந்து முழுக்கப் பரவி, அமெரிக்காவுக்கும் போனது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று இரு தரப்பு ஆதரவாளர்களும் பல்லாண்டு மல்லுக்கட்டினார்கள். எழும்பூருக்குப் பக்கத்தில் அந்தக் காலையில் மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இயங்குகிறது.

மெழுகு இன்னொரு பிறவி எடுத்தது 1920களில். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆர்.ஏ. வாட்கின்ஸ் என்ற அச்சகக்காரரிடம் ஒருவர் மெழுகு அட்டையும் மெல்லிய தாளும் சேர்ந்த ஒரு பொருளைக் காட்டி விலை பேசினாராம். நாளைக்குச் சொல்கிறேன் என்று வாட்கின்ஸ் அனுப்பிவிட்டார். நள்ளிரவில் சிறையிலிருந்து அதே ஆள் தொலைபேசியில் அழைத்து, ஜாமீனில் எடுத்தால் உரிமையைத் தந்துவிடுகிறேன் என்றாராம். அப்படிப் பிறந்தது 'மேஜிக் ஸ்லேட்' என்று சொல்வார்கள். மேல்தாளைத் தூக்கினால் எழுத்து மறையும் அந்தப் பலகையை நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் வாங்கியிருப்பீர்கள். 1925இல் மனநல மேதை ஃபிராய்ட் இதே வகைப் பலகையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாளைத் தூக்கியபின் அடியிலுள்ள மெழுகைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பழைய எழுத்தின் தடம் தெரிகிறது, மனித மனமும் இப்படித்தான் என்றார். டெமராட்டஸின் பலகை இப்போது மனத்துக்கு உவமை ஆகிவிட்டது.

உளவாளிகளுக்கும் அந்தப் பலகை பிடித்திருந்தது. 1984இல் சோவியத் நாட்டிலிருந்த அமெரிக்கத் தூதரகங்களின் 16 ஐ.பி.எம். மின்தட்டச்சு இயந்திரங்களுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அடித்த ஒவ்வோர் எழுத்தும் வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. 1987இல் மாஸ்கோ தூதரகத்தைப் பார்வையிட வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள், உள்ளே பேச முடியாமல் குழந்தைகளின் மேஜிக் ஸ்லேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டார்கள்.

இதற்குள் கணினியும் தன் மெழுகுக்கு அடியில் மரத்தைச் செருகிக்கொண்டிருந்தது. 1962 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 'அட்லஸ்' கணினி இயங்கத் தொடங்கியது. அதன் வேகமான மெமரியில் 16,384 சொற்களுக்குத்தான் இடம். விலை அதிகம். பக்கத்தில் அதைவிட மந்தமான காந்த உருளையில் 98,304 சொற்கள் கொள்ளும். டாம் கில்பர்னின் குழு ஒரு தந்திரம் செய்தது. மெமரி நிரம்பினால் அதிகம் தேவைப்படாத பக்கங்களைக் கணினியே சத்தமில்லாமல் உருளைக்கு நகர்த்தும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். நிரல் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய மெமரியாகவே தெரியும். இன்றுள்ள பெரும்பாலான கணினிகளும் காப்பியடித்த இந்த வித்தையின் பிற்காலப் பெயர் 'ஸ்வாப்'. மெமரியில் மட்டும் இருப்பதாக நாம் நம்பும் கடவுச்சொல்லும் அந்த வழியாக டிஸ்கில் இறங்கலாம்.

எதிர்த்திசைப் பயணம் தொடங்கியதும் ஒரு விபத்துதான். டிஸ்க் மந்தமாக இருந்ததால், மெமரியில் ஒரு துண்டை எடுத்து டிஸ்க் போல நடிக்கவைக்கலாம் என்று பலர் யோசித்தார்கள். 1984இல் ஐ.பி.எம்.மின் பிசி-டாஸ் 3.0 அப்படியொரு போலி டிஸ்கைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. 1980களின் பிற்பகுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 'டெம்ப்எஃப்எஸ்' என்ற அமைப்பை உருவாக்கியது. சில நொடிகள் வாழ்ந்து மடியும் டெம்ப் ஃபைல்களை டிஸ்க்வரை இழுத்தடிப்பானேன் என்பதுதான் அவர்கள் கேள்வி. நோக்கம் வேகம் மட்டுமே. 2001இல் லினக்ஸ் 2.4 அதே பெயரில் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது.

மெமரியில் வைப்பது ரகசியத்துக்கும் உதவும் என்பது மெல்லத்தான் உறைத்தது. 1996இல் நியூசிலாந்தின் பீட்டர் குட்மேன், காந்த டிஸ்கிலிருந்து ஒன்றை முழுதாக அழிப்பது எவ்வளவு கடினம் என்று விளக்கி, 35 முறை மேலெழுதும் ஒரு முறையை முன்வைத்தார். 2000இல் நீல்ஸ் ப்ரோவோஸ் ஸ்வாப் பகுதியில் எழுதுவதையெல்லாம் பூட்டி எழுதி, அந்தச் சாவியை மெமரியில் மட்டும் வைத்திருந்து பிறகு மறந்துவிடும் வழியை ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் செய்து காட்டினார். அடியில் மரம் இருந்தாலும், அதில் விழும் கீறலை யாராலும் படிக்க முடியாது.

மெமரிதான் மணல் என்று நிம்மதியாக இருந்தவர்களை 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு தட்டி எழுப்பியது. மின்சாரம் நின்ற பிறகும் ரேமில் எழுத்து சில நொடிகள் தங்குகிறது. தூசி ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துச் சிப்பை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் நிமிடக்கணக்கில் தங்குகிறது. மணலும் உறைந்தால் தடம் நிற்கும். அதற்கு மறுஆண்டு வெளிவந்த 'டெயில்ஸ்' பென் டிரைவிலிருந்து கிளம்பி, டிஸ்கைத் தொடாமல் மெமரியிலேயே வாழ்ந்து, நிறுத்தும்போது அந்த மெமரியையும் தேய்த்துவிட்டுப் போகும் இயங்குதளம். 2013இல் அமெரிக்க உளவு ரகசியங்களை ஸ்னோடன் வெளிப்படுத்திய விவகாரத்தில் பத்திரிகையாளர்கள் அதை நம்பித்தான் வேலை செய்தார்கள்.

குட்மேனின் தேய்ப்பு முறையும் இப்போது கைகொடுப்பதில்லை. இன்றைய எஸ்எஸ்டி டிஸ்க், பழைய எழுத்தின்மேல் எழுதச் சொன்னால் வேறொரு புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை ஒதுக்கிவைக்கும். ஒரு தனி ஃபைலை மட்டும் அதில் நம்பகமாக அழிக்க முடிவதில்லை என்று 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே எழுதும் இடத்தை எழுதும் முன்பே தேர்ந்துகொள்வதுதான் பாதுகாப்பு. 2025 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13, டெம்ப் ஃபைல்களுக்கான இடத்தை யாரும் கேட்காமலே மெமரிக்கு மாற்றிவிட்டது.

மறுபடி ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, அழித்த ஃபைலின் கதையைத் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கதான் சார் எழுதுறது?" என்றார். உலுபுருன் கப்பலில் வந்த வணிகரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. வீட்டுக் கணினியில் நான் செய்ததைச் சொன்னேன்: டெம்ப் ஃபைல்களை மெமரிக்கு மாற்றியது, ஸ்வாப்பைப் பூட்டியது, மெமரி மொத்தத்தையும் டிஸ்கில் இறக்கிவைக்கும் ஹைபர்னேட் வசதியை நிறுத்தியது, இரவில் முழுதாக ஷட் டவுன் செய்வது.

அதற்குப் பிந்தைய விஜயதசமியன்று பேத்தியின் விரலைப் பிடித்துத் தாம்பாளத்துப் பச்சரிசியில் 'அ' எழுதவைத்தேன். எழுதி முடித்ததும் யாரும் சொல்லாமலே உள்ளங்கையால் அரிசியைச் சமமாகத் தள்ளிவிட்டு, அடுத்த எழுத்துக்கு விரலை நீட்டினாள்.